ஒரு யப்பானியச் சித்திரக்கதையும் விடுதி வாழ்வும்

விடுதிக்கால நினைவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் என்னைக் கேட்டனர். அப்பொருள் பற்றி என்னினும் மூத்தோரும் நினைவாற்றல் மிக்கோரும் எழுதுவர் என்பதை அறிவேன். அதிகாலை மணியோசை, சமையற்கூடத்துச் சாம்பார், துடுப்பாட்டப் போட்டி, காலஞ்சென்ற ஆசிரியர்களின் குரல் ஆகியவை இம்மலரின் வேறு பக்கங்களிலே தத்தமக்குரிய இடத்தைப் பெறும். ஆதலின் நான் பிறிதொரு விடுதியைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது தோக்கியோ நகரில் உள்ளது. ஆயினும் எந்த நிலப்படத்திலும் காணப்படாதது. அதனைப் படைத்தவர் ஹிகுச்சி தாச்சிபானா என்னும் யப்பானியச் சித்திரக்கதை ஆசிரியை.

கதையின் பெயர் ‘ககுவென் அலிஸ்’. ‘அலிஸ் கல்விச்சாலை’ என்று தமிழிற் கூறலாம். ‘மலரும் கனவும்’ எனப் பொருள்படும் ‘ஹனா தோ யுமே’ என்ற சிறுமியர் சஞ்சிகையிலே 2002ஆம் ஆண்டு தொடங்கி 2013ஆம் ஆண்டு வரை தொடராக வெளிவந்தது. பின்னர் 31 பாகங்களாக நூலுருப் பெற்றது. இடையில், 2004ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, 26 பகுதிகளாக யப்பானியத் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்போ 16 பாகங்களோடு நின்றுவிட்டது. அதனை வெளியிட்ட நிறுவனம் 2011இல் அமெரிக்காவில் தன் பதிப்புத் தொழிலை நிறுத்திக்கொண்டது. அப்பதினாறு பாகங்களை நானே படித்தேன். எஞ்சியவற்றின் கதையை என் பேர்த்தி சொல்லக் கேட்டறிந்தேன். அவள் அவற்றை எவ்வழியாற் படித்தாள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

சித்திரக்கதையை யப்பானியர் ‘மங்கா’ என்பர். இச்சொல்லை முதன்முறை கேட்டபொழுது வீட்டில் எவரோ ஊறுகாய் போடப் போகின்றனர் என்றே எண்ணினேன். நூலைக் கையில் எடுத்தபொழுது வேறொரு இடர்ப்பாடு தோன்றியது. நமக்குப் பின் அட்டையாக உள்ளது அவர்களுக்கு முன் அட்டை; பக்கத்தில் உள்ள கட்டங்களும் வலமிருந்து இடமாகச் செல்லும். முதற்பாகத்தின் பாதிவரை, கேள்விக்கு முன்னரே விடை வருவதாக எனக்குத் தோன்றியது. எழுபது வயதுக்கு மேற்பட்ட கண்களுக்கு இஃது ஓர் உடற்பயிற்சியே. ஆயினும் இரண்டாம் பாகம் முடிவதற்குள் பழகிவிட்டது.

கதைமாந்தரின் பெயர்களைப் பேர்த்தி விளக்கியபொழுது எனக்கு அவர்கள்மேல் ஒரு நெருக்கம் உண்டாயிற்று. கதைத்தலைவியின் பெயர் மிகான். அது தோடம்பழ வகைகளில் ஒன்று. அவளுடைய உயிர்த்தோழி ஹொத்தாரு, அதாவது மின்மினி. பின்னர் அவளோடு மோதியும் கூடியும் வரும் சிறுவன் நட்சுமே, அஃது இலந்தை. தோடையும் இலந்தையும் மின்மினியும் நம்மூர் வேலியோரத்திலே காணக்கூடியவைதாமே.

மிகான் பத்து வயதுச் சிறுமி. மலைப்பாங்கான ஒரு சிற்றூரில் தன் பாட்டனாரோடு வாழ்கின்றாள். அவ்வூர்ப் பாடசாலையிற் பிள்ளைகள் தொகை குறைந்துவிட்டது. பாடசாலையை மூடிவிடப் போகின்றார்கள் என்ற பேச்சு எழுகின்றது. அவ்வேளையில் ஹொத்தாரு தலைநகரில் உள்ள ஏதோ ஒரு சிறப்புப் பாடசாலைக்கு மாற்றம் பெற்றுப் போய்விடுகின்றாள். ஊர்ப் பாடசாலையும் மூடப்படாது தப்புகின்றது. இவ்விரண்டு செய்திகளுக்கும் இடையில் உள்ள தொடர்பை மிகான் காலந்தாழ்த்தியே அறிகின்றாள். அபூர்வ ஆற்றல் படைத்த ஒரு பிள்ளையைக் கையளித்தமைக்காக ஊருக்குப் பணம் கிடைத்தது. அப்பணத்தால் பாடசாலை பிழைத்தது. தான் போனாற் பாடசாலை நிற்கும், பாடசாலை நின்றால் மிகான் மகிழ்வாள் என்று கருதி, ஹொத்தாரு ஒருவரிடமும் சொல்லாது போயிருக்கின்றாள்.

இவ்விடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். சிறுமியருக்கான கதையின் முதல் அத்தியாயத்திலேயே இத்தகைய ஒரு கொடுக்கல் வாங்கலை எதிர்பார்க்கவில்லை. இது வெறுங் கற்பனையன்று. யப்பானிற் பிறப்புத் தொகை குறைந்துவருவதால் 2002ஆம் ஆண்டு முதல் 2020ஆம் ஆண்டு வரையில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொதுப் பாடசாலைகள் மூடப்பட்டன. இக்கதை சஞ்சிகையிலே தொடங்கியதும் அந்த 2002ஆம் ஆண்டிலேயே. ஊர்ப் பாடசாலை மூடப்படுதல் என்பது அந்நாட்டு வாசகிகளுக்குச் செய்தித்தாளிலும் அயலூரிலும் கண்டறிந்த துயரம்.

தோழியைத் தேடி மிகான் தோக்கியோவுக்கு ஓடிவருகின்றாள். பெருமதிலும் பூட்டிய வாயிலும் அவளை எதிர்கொள்கின்றன. அந்தக் கல்விச்சாலையின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆற்றல் உண்டு. அதற்கு ‘அலிஸ்’ என்று பெயர். ஹொத்தாரு விந்தையான பொறிகளை ஆக்குவாள். நட்சுமே நினைத்த மாத்திரத்தில் தீயை எழுப்புவான். அவனுடைய நண்பன் ரூக்காவை விலங்குகள் எல்லாம் சுற்றிவரும். வகுப்புத் தலைவன் இல்லாதவற்றை உள்ளவைபோலக் காட்டுவான். இப்படிப்பட்டவர்களை அரசு ஓரிடத்திற் சேர்த்துவைத்து, பயிற்றி, காத்து வருகின்றது. காத்தல் என்ற சொல்லுக்குக் காவல் என்ற பொருளும் உண்டு என்பதைக் கதை படிப்படியாக உணர்த்தும்.

மிகானுக்கும் ஆற்றல் உண்டு என்று நருமி என்ற ஆசிரியர் துணிந்து சொல்லி அவளை உள்ளே சேர்த்துவிடுகின்றார். என்ன ஆற்றல் என்று எவருக்கும் தெரியாது. ஒரு வாரத்துள் வகுப்பினர் அவளை ஏற்றாலன்றி இடம் நிலையாது. வகுப்பினர் விடும் சவாலை ஏற்று அவள் வடக்குக் காட்டினூடே செல்லும்பொழுதுதான் உண்மை வெளிப்படுகின்றது. பிறருடைய ஆற்றலைச் செயலற்றதாக்குவதே அவளுடைய ஆற்றல். அவளருகில் நட்சுமேயின் தீயும் எழாது. தனியே இருக்கும்பொழுது அவள் மற்றெந்தச் சிற்றூர்ச் சிறுமியையும் போன்றவளே. அவளால் எதனையும் பறக்கவிடவோ எரிக்கவோ முடியாது. மேசைமேல் வைத்துக் காட்டத்தக்க திறமை அவளிடம் ஒன்றும் இல்லை. ஆயின், தன் ஆற்றலைக் கண்டு தானே அஞ்சும் பிள்ளைகளுக்கு அவளருகில் இருத்தல் ஓர் ஆறுதல். வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டு நின்றவன் என்ற முறையிற் சொல்லுகின்றேன்: இத்தகைய ஒரு பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. பரிசளிப்பு விழாவில் அப்பிள்ளையின் பெயர் வாசிக்கப்படுவதில்லை. அப்பிள்ளை இரண்டு நாள் வராதிருந்தால் வகுப்பு முழுவதும் சண்டையாகிவிடும்.

கல்விச்சாலையோ மிகானை அவ்வாறு மதிப்பிடவில்லை. அங்கே பிள்ளைகள் எல்லோரும் நட்சத்திரங்களால் தரம் பிரிக்கப்படுகின்றனர். நட்சத்திரம் இல்லாதோர், ஒன்று பெற்றோர், இரண்டு பெற்றோர், மூன்று பெற்றோர், இவர்களுக்கெல்லாம் மேலாகச் சிறப்பு நட்சத்திரம் பெற்றோர் என ஐந்து படிகள். படிக்கேற்ப அறை, படிக்கேற்ப உணவு, படிக்கேற்பக் கைச்செலவுப் பணம். நட்சத்திரமற்ற மிகானுக்குக் கூரைக்குக் கீழே ஒரு மோட்டறையும் அற்ப உணவும் கிடைக்கின்றன. மூன்று நட்சத்திரக்காரியான ஹொத்தாரு அதே மண்டபத்திலே அருஞ்சுவை உண்டி உண்கின்றாள். ஓவியை இதை நகைச்சுவையாகவே வரைகின்றார். பேர்த்தியும் சிரித்தாள். நமது விடுதியில் எத்தனையோ குறைகள் இருந்தன. ஆனால் இரசாயனத்தில் முதலாவதாக வந்தவனுக்கும் கடைசியாக வந்தவனுக்கும் ஒரே அகப்பையாலேதான் சொதி வார்த்தார்கள். சொதி நீர்த்திருந்தால் எல்லோருக்கும் நீர்த்திருந்தது. அந்நாளிலே அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

ஆற்றல் படைத்த பிள்ளைகளின் பள்ளி என்பது உலக இலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. அமெரிக்கச் சித்திரக்கதையில் 1963இலேயே பேராசிரியர் சேவியரின் பள்ளி தோன்றிவிட்டது. ஆங்கில நாட்டு ஹரி போட்டரின் கதை 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. மாணவர் பலர் அதனைப் படித்திருப்பர். ஹரி போட்டரின் பள்ளியில் ஆபத்து மிகுதி. ஆயினும் அங்கே ஆண்டிறுதியிற் புகைவண்டி வரும். நத்தார் விடுமுறைக்குப் பிள்ளைகள் வீடு செல்வர். ஆந்தை கடிதம் கொணரும். அலிஸ் கல்விச்சாலைக்குப் புகைவண்டி இல்லை. படிப்பு முடியும்வரை வாயில் திறவாது. வீட்டாரைக் காண இயலாது. கடிதமும் தங்குதடையின்றிப் போய்வருவதில்லை. ஆண்டின் சிறந்த மாணாக்கர்க்கு அளிக்கப்படும் பெரும்பரிசு யாதெனில், சில நாள் வீட்டுக்குப் போய்வரும் உரிமை! எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் பறித்ததை ஒரு பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கின்ற இந்தத் தந்திரத்தை எந்த நிருவாகி கண்டுபிடித்தாரோ அவர் மிகத் தேர்ந்தவர்.

ஹொத்தாருவுக்கு ஒரு தமையன் உண்டு. அவன் பெயர் சுபாரு. அவள் கைக்குழந்தையாயிருந்த காலத்திலேயே அவனை இக்கல்விச்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தங்கை இங்கே வந்து சேர்ந்தபொழுது அவன் மேல்வகுப்பு மாணவன். இருவரும் ஒரே வளவில் அந்நியராய் நடமாடுகின்றனர். வெறுப்பினாலன்று, பழக வாய்ப்பில்லாமையால். இதனைக் கதை அதிகம் விரித்துரையாது கடந்து செல்கின்றது. நான் கடந்துசெல்ல முடியவில்லை.

இனி நட்சுமேயைப் பற்றிச் சொல்லவேண்டும். கதையின் பாரமெல்லாம் அவன் தோளிலேயே இருக்கின்றது. அலிஸ் ஆற்றல் நால்வகைப்பட்டது என்று கதை கூறும். ஒருவகை சிறுபராயத்தில் மட்டும் இருந்து வளர வளர மறைந்துவிடும். மற்றொருவகை சிறிது சிறிதாக வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். வேறொன்று ஒரே வீச்சிற் பெருகி வெளிப்படும். நான்காவது வகைக்கு அளவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை வழங்கும்பொழுதும் உரியவனின் ஆயுள் குறையும். நட்சுமேயின் தீ நான்காவது வகை. இதனைக் கல்விச்சாலை நன்கறியும். அறிந்துகொண்டே இரவுகளில் அவனை இரகசியப் பணிகளுக்கு அனுப்புகின்றது. ‘பேர்சோனா’ என்று பெயர் பூண்ட முகமூடி ஆசிரியர் ஒருவர் அவனை நடத்துகின்றார். அவன் மறுக்க இயலாது. அவனுடைய தங்கை அவர்களுடைய கையில் இருக்கின்றாள். அடங்காவிட்டால் தண்டனையாகப் பூனைமுகமூடி ஒன்றை முகத்தில் மாட்டிவிடுவர். காலையில் அவன் வகுப்புக்கு வந்து பின்வாங்கிற் கால்நீட்டி உறங்குவான். ஆசிரியர் சிலர் அவனைக் கண்டால் நடுங்குவர். சோம்பேறி, முரடன், திமிர் பிடித்தவன் என்று பிள்ளைகள் எண்ணுவர். அவனுக்குச் சிறப்பு நட்சத்திரம், நல்ல அறை, நல்ல உணவு.

சிறப்பு நட்சத்திரமும் ஆயுட்குறைவும் ஒரே பிள்ளையிடத்தில் இருக்கின்றன என்பதே இக்கதையில் என்னை நிறுத்திய இடம். திறமை மிக்க பிள்ளையை ஒரு நிறுவனம் நேசிக்கின்றதா, அன்றி அத்திறமையை நேசிக்கின்றதா என்பதனைப் பிள்ளையால் வேறுபிரித்து அறிய முடியாது. இரண்டும் ஒரே முகத்தோடு வரும். ஒரே முதுகுதட்டலோடு வரும். கல்விச்சாலையின் ஆரம்பப் பிரிவுத் தலைவரை ஓவியை ஒரு சிறுவனின் உருவத்திலேயே வரைந்திருக்கின்றார். வயது மிகுந்தவர், ஆனால் தோற்றம் பாலகன். இந்தச் சின்னஞ்சிறு தலைவர் பெரிய நாற்காலியில் அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டு முதலிற் சிரித்தேன். மறுமுறை பார்த்தபொழுது சிரிப்பு வரவில்லை.

இதனை நான் என் பேர்த்தியின் வேண்டுகோளாற் படித்தேன் என்பதைச் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. அவளுடைய தம்பி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையில் நல்ல புள்ளிகள் பெற்றான். நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றில் அவனுக்கு இடங் கிடைக்கும் நிலை, விடுதியிலே தங்கவேண்டும். என் மகள் அனுப்புவதென்று தீர்மானித்துப் பெட்டிகூட வாங்கிவிட்டாள். மருமகன் வாய்திறவாதிருந்தார். விடுதியில் ஏழாண்டு வாழ்ந்தவர் என்பதால் என்னுடைய சொல்லே கடைசிச் சொல் என்றார்கள். அப்பொழுதுதான் பேர்த்தி பாகங்களை அடுக்கிக்கொண்டு வந்து என் சாய்மனைக் கதிரையருகில் வைத்தாள். “அம்மப்பா, முதலில் இதை வாசியுங்கோ, பிறகு முடிவு சொல்லுங்கோ” என்றாள். அவளுக்கு வயது பதினாறு.

மிகானின் வயதும் பத்து. என் பேரனின் வயதும் பத்து. இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபொழுது, பணமில்லாத சிற்றூர்ப் பிள்ளையும் நல்ல பாடசாலைக்குப் போகவேண்டும் என்பதே கன்னங்கராவின் விருப்பம். புலமைப்பரிசிலும் அவ்விருப்பத்தின் பிள்ளையே. அவ்வழியால் உயர்ந்தோர் எத்தனை பேர் என்பதை இம்மலரின் பெயர்ப்பட்டியலே காட்டும். நானும் அவர்களுள் ஒருவன். தீவகத்திலே கிடுகு வேய்ந்த ஒரு சிறு பாடசாலையிலிருந்து நான் வந்தேன். ஆண்டுதோறும் அப்பாடசாலையிலிருந்து இருவரோ மூவரோ வந்தோம். வந்தவர்களைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். மீதியாய் நின்ற வகுப்பைப் பற்றி எவரும் பேசியதாக நினைவில்லை. கெட்டிக்காரர் போனபின் அந்த வகுப்பிலே வாத்தியார் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்டிருப்பார் என்பதை, நானே வாத்தியாராகி வேறொரு சிற்றூரிற் பணியாற்றிய பின்னரே எண்ணிப் பார்த்தேன். ஹொத்தாருவின் ஊர் ஒரு பிள்ளையைக் கொடுத்துப் பாடசாலையைக் காத்தது. நாம் பிள்ளைகளைக் கொடுத்துப் பாடசாலையையும் கொடுத்தோம்.

விடுதி வாழ்வு எனக்குத் தீங்கு செய்ததென்று சொல்ல வரவில்லை. நன்மையே செய்தது. ஆயினும் அந்த நன்மை எதனால் ஆயது என்று இக்கதையைப் படித்தபின் கூர்ந்து நோக்கினேன். ஞாயிறு பிற்பகலில் நாங்கள் அனைவரும் மண்டபத்திலமர்ந்து வீட்டுக்குத் தபாலட்டை எழுதுவோம். மேற்பார்வை ஆசிரியர் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டு போவார். அவர் அவற்றை வாசிப்பாரென்று எவனோ கதை கட்டிவிட்டான். ஒருமுறை ஒரு குறும்பன் அவரைப் பற்றியே நாலு வரி எழுதிச் சோதித்தான், ஒன்றும் நடக்கவில்லை. அவர் வாசிப்பதில்லை என்பது அன்றே நிரூபணமாயிற்று. அன்றிலிருந்து அவர்மேல் எங்களுக்கு ஏற்பட்ட மதிப்பு அவருடைய பிரம்பால் ஏற்பட்டதன்று. இதற்கு மாறாக, நான் பின்னர் சில காலம் பணியாற்றிய வேறொரு பாடசாலை விடுதியிலே கடிதங்களைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கு ஒரே கடிதத்தையே எழுதினார்கள்: நலம், நலமறிய ஆவல், உணவு நன்று, படிப்பு நன்று.

வெள்ளி மாலையில் வீட்டார் வரலாம் என்பதும், தவணை விடுமுறைக்கு வாயில் தானே திறக்கும் என்பதும் எங்களுக்குக் காற்றைப்போல இயல்பாயிருந்தன. அந்த வாயில் வழியாக எவரும் எந்த நாளும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடலாம். ஒருவரும் போகவில்லை என்பது வேறு. போகலாம் என்பதனாலேயே இருந்தோம் போலும்.

கதைக்குத் திரும்புகின்றேன். இதனைக் குறையற்ற படைப்பு என்று கூறமாட்டேன். பிற்பாகங்களிற் பாத்திரங்கள் பெருகிவிடுகின்றன. யார் யாருடைய ஆற்றலைத் திருடினார், யார் எந்தக் காலத்துக்குப் போனார் என்பவற்றைப் பேர்த்தி ஒரு கொப்பியில் வரைந்து காட்டவேண்டியதாயிற்று. கண்ணீரும் மிகுதி, சில பக்கங்களில் எல்லோருமே அழுகின்றனர். பெரிய பெரிய கண்களாதலால் அழுகையும் பெரிதாகவே தெரிகின்றது. என் விருப்பம் ஆரம்பப் பாகங்களில் வரும் விழாவில் இருக்கின்றது. கல்விச்சாலையில் ஆண்டுதோறும் ஒரு பெருவிழா நடக்கும். ஒவ்வொரு திறமைப் பிரிவும் காட்சி ஒன்றை அமைக்கவேண்டும். மிகான் சேர்க்கப்பட்ட பிரிவோ எந்த வகையிலும் அடங்காதவர்களைக் கொட்டிவைத்த ஒன்று. நிழலைப் பிடித்து ஆட்டுபவன் ஒருவன். தன்னைப்போல் உருவங்களைத் தோற்றுவிப்பவள் ஒருத்தி. காலத்தினூடே போய்வரும் ஆசிரியர் ஒருவர். இவர்களுடைய காட்சியைக் காண எவர் வருவார் என்று அவர்களே சோர்ந்திருந்தவர்கள். மிகான் ஒரு விளையாட்டைக் கற்பித்துச் சொல்ல, எல்லோரும் தச்சுவேலையும் தையல்வேலையுமாக இறங்குகின்றனர். விழாநாளில் அவர்களுடைய வாயிலிலேதான் பெருங்கூட்டம். நமது கல்லூரிக் களியாட்ட விழாவில் இறுதிநேரத்தில் ஒதுக்கப்பட்ட மூலைக்கடையில் நின்றவர்கள் இப்பகுதியை இருமுறை படிப்பர்.

பழைய மாணவர் மலருக்கு இக்கதையைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் துணிந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இக்கதையிலே பழைய மாணவர்களும் வருகின்றனர். மிகானின் தாய் யூக்கா அக்கல்விச்சாலையின் பழைய மாணவி. பிறர் ஆற்றலைக் கவரும் ஆற்றல் அவளுடையது. அதனாலேயே தலைவர் அவளைத் தமக்கு வேண்டியவாறெல்லாம் பயன்படுத்தினார். அங்கே ஆசிரியராயிருந்த யூக்கிஹிராவை அவள் நேசித்தாள், அவர் இறந்தார், வயிற்றில் குழந்தையோடு அவள் மதிலைத் தாண்டி ஓடினாள். குழந்தையை ஓர் ஊரிலே, உறவில்லாத முதியவர் ஒருவரிடம் விட்டாள். மிகான் பாட்டனார் என்று அழைத்தவர் அவரே. யூக்கா பின்னர் கல்விச்சாலைக்குத் திரும்பி வருகின்றாள். வெள்ளிவிழாவுக்கு வரவில்லை, பகைக்கூட்டத்தோடு சேர்ந்து உடைக்க வருகின்றாள். அவளை வாயிலிலே எதிர்கொள்ளும் நருமி ஆசிரியரும் பழைய மாணவரே. சிறுவனாக இருந்த காலத்தில் அவள்மேல் அன்பு கொண்டவர். அவரோ உள்ளேயே தங்கி ஆசிரியரானவர். மிகானை ஒரு கையாற் காத்து மறுகையால் ஏமாற்றுகின்ற அவருடைய நிலையை ஆசிரியப் பெருமக்கள் கவனித்துப் படித்தல் நலம். தாம் வளர்ந்த இடம் பிழையானது என்று தெரிந்தும் அவ்விடத்திலேயே சம்பளம் பெற்று, உள்ளிருந்து எவ்வளவு நன்மை செய்யலாம் என்று நாள்தோறும் கணக்குப் பார்க்கும் மனிதர் அவர். ஓவியை அவரை முழுக்க மன்னிக்கவுமில்லை, முழுக்கத் தண்டிக்கவுமில்லை.

கதையின் இறுதியில் மிகான் தன் ஆற்றலை இழக்கின்றாள். கல்விச்சாலையைப் பற்றிய நினைவுகளும் அவளிடமிருந்து நீக்கப்படுகின்றன. சாதாரணச் சிறுமியாக வெளியே அனுப்பப்படுகின்றாள். அவளுடைய தோழர்களுக்கு நினைவிருக்கின்றது, அவளுக்கு இல்லை. அவர்கள் மீண்டும் அவளைக் கண்டடைவதோடு கதை முடிகின்றது. எவ்வாறு என்பதைப் படிக்கப்போகும் மாணவர்களுக்காகச் சொல்லாது விடுகின்றேன்.

நான் மகளிடம் ஆம் என்றோ அல்ல என்றோ சொல்லவில்லை. பேரனையும் அழைத்துக்கொண்டு மருமகனும் நானுமாக அந்த நகரத்துப் பாடசாலைக்குப் போனோம். பரீட்சைப் பெறுபேறு, ஆய்வுகூடம், நீச்சற்றடாகம் ஆகியவற்றை அதிபர் அன்போடு காட்டினார். விடுதிப் பொறுப்பாசிரியரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். பிள்ளை வீட்டாரோடு பேசும்பொழுது பக்கத்தில் யாராவது நிற்பார்களா? கணக்கில் முதலாவதாக வருபவனும் கடைசியாக வருபவனும் ஒரே மேசையிலா உண்பார்கள்? முதல் தவணையிலேயே ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? இளைஞரான அவர் முதலிரண்டுக்கும் உடனே விடை சொன்னார். மூன்றாவதற்குச் சிறிது யோசித்து, “சென்ற ஆண்டு ஒருவன் போனான், ஐயா. பஸ் நிலையம்வரை நானே கொண்டுபோய் விட்டேன்” என்றார். பேரன் அந்நேரம் முற்றத்தில் இருந்த நெல்லிமரத்தின் கீழ், பெயர் தெரியாத இரண்டு பையன்களோடு காய் பொறுக்கிக்கொண்டிருந்தான்.